வட்டுக்கோட்டைச் செமினரியும் மொழிக்கல்வியும்: ஒரு மறுமதிப்பீடு

1. முன்னுரை

சிறைப்பட்டுப் பாபிலோனுக்குச் சென்ற யூத இளைஞர் நால்வர், அந்நாட்டு நூல்களையும் மொழியையும் அரசனுடைய கட்டளைப்படி மூன்றாண்டுகள் பயின்ற செய்தியைத் தானியேல் நூலின் முதல் அதிகாரம் கூறுகின்றது. அவர்களுக்குப் புதுப்பெயர்கள் இடப்பட்டன. உணவும் உறைவிடமும் அரண்மனையிலிருந்து கிடைத்தன. பயிற்சி முடிந்தபின் அவர்கள் அரசனுடைய பணியில் அமர்ந்தனர். மொழிக்கல்வி, இலக்கியக் கல்வி, பெயர்மாற்றம், அரசுப்பணி ஆகிய நான்கும் ஒரே அதிகாரத்தில் இணைந்து வருதல் நம் சிந்தனைக்குரியது. பிறமொழியைக் கற்பவன் எதைப் பெறுகின்றான், எதை இழக்கின்றான், அவனைக் கற்பிப்பவர் எதை நாடுகின்றனர் என்னும் வினாக்களை அது எழுப்புகின்றது.

இதே வினாக்கள் பத்தொன்பதாம் நூற்றாண்டில் யாழ்ப்பாணத்தின் வட்டுக்கோட்டையில் மிகக் கூர்மையாக எழுந்தன. அமெரிக்க மிஷன் அங்கு 1823இல் நிறுவி 1855இல் மூடிய செமினரி, தமிழ் வழங்கும் நிலத்தில் மேனாட்டுக் கல்லூரி முறையில் மொழியும் இலக்கியமும் கற்பித்த முன்னோடி நிலையங்களுள் ஒன்று. அதன் புகழைப் பாடிய நூல்கள் பல உள. ஜே. வி. செல்லையா 1922இல் எழுதிய ஆங்கில வரலாறு அவற்றுள் முதன்மையானது. ஆர். எஃப். யங்கும் எஸ். ஜெபநேசனும் 1995இல் வெளியிட்ட ஆய்வு, அங்கு நிகழ்ந்த சமய வாதங்களை இரு தரப்பு நூல்களையும் கொண்டு விளக்கிற்று. எனினும், அங்கு மொழிகள் எந்நோக்கத்தோடு கற்பிக்கப்பட்டன, அந்நோக்கம் இறையியல் நோக்கில் சரியானதா என்னும் கேள்வி இன்னும் போதிய அளவு ஆராயப்படவில்லை என்பதே இக்கட்டுரையாளரின் கருத்து. அதனை ஆராய்தலே ஈண்டு நம் நோக்கமாகும்.

2. திட்டமும் அதன் பின்னணியும்

அமெரிக்க மிஷனெரிமார் யாழ்ப்பாணத்தில் பணி தொடங்கியது 1816ஆம் ஆண்டில். அவர்களுள் தலைமையான கல்வியாளர் தானியேல் பூவர். இவர் 1811இல் டார்ட்மத் கல்லூரியிலும் 1814இல் ஆண்டோவர் இறையியற் கல்லூரியிலும் பயிற்சி முடித்தவர். ஊர்ப்பள்ளிகளையும் விடுதிப்பள்ளிகளையும் தொடங்கிச் சில ஆண்டுகள் ஆனதும், அவற்றுக்கு மேல் ஓர் உயர்கல்வி நிலையம் வேண்டும் என மிஷனெரிமார் உணர்ந்தனர். தமிழ் இளைஞருக்கும் பிறர்க்கும் இலக்கியக் கல்வியும் சமயக் கல்வியும் அளிக்கும் கல்லூரி ஒன்றுக்கான திட்டத்தை 1823இல் அச்சிட்டு வெளியிட்டனர். கல்லூரி என்ற பெயருக்கும் சாசனத்துக்கும் ஆங்கில அரசின் இசைவு கிட்டவில்லை. எனவே, முதலில் மத்திய பாடசாலை என்றும் பின்னர்ச் செமினரி என்றும் அது வழங்கலாயிற்று. பெயர் குறைந்ததேயன்றித் திட்டத்தின் அகலம் குறையவில்லை.

திட்டம் மொழிகளை வரிசைப்படுத்தியிருந்த முறை கவனிக்கத்தக்கது. ஆங்கிலத்தை அனைவரும் நன்கு கற்றல் வேண்டும். தமிழிலக்கியம் முறையாகப் பேணப்படல் வேண்டும். தெரிந்தெடுக்கப்பட்ட சிலர் சமஸ்கிருதம் பயிலுதல் வேண்டும். மிகச் சிலர்க்கு எபிரேயமும், ஓரளவு கிரேக்கமும் இலத்தீனும் கற்பிக்கலாம். இவற்றோடு கணிதம், வானநூல், தருக்கம் முதலியனவும் இடம்பெற்றன.

இவ்வரிசையின் சிறப்பை அறிய, அக்காலத்து நியூ இங்கிலாந்துக் கல்லூரிகளை நோக்குதல் வேண்டும். அங்குக் கல்லூரிக் கல்வி என்பது பெரும்பாலும் இலத்தீனும் கிரேக்கமுமே. யேல் கல்லூரியார் 1828இல் வெளியிட்ட அறிக்கை, பழைய செம்மொழிகளைக் கற்பது மனத்துக்கு ஒழுங்கையும் நிறைவையும் அளிக்கும் என வாதிட்டு அம்முறையை நிலைநாட்டிற்று. ஆங்கில இலக்கியம் அந்நாளில் அங்குத் தனிப்பாடமாக வளர்ந்திருக்கவில்லை. இத்தகைய சூழலில் பயின்ற பூவர், வட்டுக்கோட்டையில் செம்மொழிக்குரிய இடத்தைத் தமிழுக்கு அளித்தார். பிறர் நாட்டில் ஹோமரும் வெர்ஜிலும் இருந்த இடத்தில் இங்கு நன்னூலும் திருக்குறளும் பாரதமும் அமர்ந்தன. ஒரு நாட்டின் பழைய இலக்கியமே அந்நாட்டு மாணவனின் அறிவுக்கு அடித்தளமாதல் வேண்டும் என்ற கொள்கையை, அயல்நாட்டவர் ஒருவர் தமிழுக்கும் ஏற்றுக் கூறியது சிறிய செய்தியன்று.

யாழ்ப்பாணத்துத் திண்ணைப்பள்ளி மரபும் இதற்கு இடம் தந்தது. நிகண்டை மனனம் செய்து, நன்னூற் சூத்திரங்களை ஒப்பித்து, பின்னரே இலக்கியத்துக்கும் உரைக்கும் செல்வது அம்மரபு. இலத்தீன் இலக்கணத்தை மனனம் செய்து, அடிதோறும் சொல் பிரித்துப் பொருள் கண்டு, வகுப்பில் ஒப்புவிப்பது நியூ இங்கிலாந்து மரபு. கடல்களுக்கு அப்பாற்பட்ட இரு மரபுகளும் இலக்கணத்தின் வழியே இலக்கியத்தை அணுகின. ஆதலால், வட்டுக்கோட்டையில் இரண்டும் கைகோத்தல் எளிதாயிற்று. யாழ்ப்பாணப் புலமை ஒன்றுமில்லாத வெற்றிடத்தில் மிஷனெரிமார் கல்வியை விதைத்தனர் என்று கூறும் பழைய மிஷன் வரலாறுகள் இவ்வுண்மையை மறந்துவிடுகின்றன.

3. தமிழ் கற்பித்ததன் நோக்கம்

திட்டம் தமிழுக்கு அளித்த காரணங்களுள் ஒன்று தொலைநோக்குடையது. அயல்நாட்டவர் எழுதும் தமிழைக் காட்டிலும் மண்ணின் மைந்தர் எழுதும் தமிழே மக்கள் விரும்பிப் படிக்கும் நடையினதாகும். ஆகவே கிறிஸ்தவரிடையே தமிழெழுத்தாளரை உருவாக்குதல் வேண்டும் என்பது அது. இந்நோக்கம் பெருமளவு நிறைவேறிற்று. 1841இல் தொடங்கிய ‘உதயதாரகை’ என்னும் இருமொழிச் செய்தித்தாளைச் செமினரி மாணவராயிருந்த ஹென்றி மார்ட்டினும் சேத் பேசனும் நடத்தினர். நெவின்ஸ் சிதம்பரப்பிள்ளை 1850இல் ‘நியாய இலக்கணம்’ என்னும் தருக்க நூலைத் தமிழில் வெளியிட்டார். ஜே. ஆர். ஆர்னல்ட் எனப்பட்ட சதாசிவம்பிள்ளை 1886இல் ‘பாவலர் சரித்திர தீபகம்’ இயற்றினார். தமிழ்ப் புலவரின் வரலாற்றைத் தமிழுரைநடையில் தொகுத்த தொடக்க நூல்களுள் இது குறிப்பிடத்தக்கது. செய்தித்தாள், தருக்கநூல், இலக்கிய வரலாறு ஆகிய மூன்றும் அந்நாளில் தமிழுரைநடைக்குப் புதிய துறைகள்.

அகராதிப் பணியும் இதனோடு சேர்த்து எண்ணத்தக்கது. 1842இல் வெளிவந்த யாழ்ப்பாண அகராதி 58,500 சொற்களைக் கொண்டது. மானிப்பாய் அகராதி என்றும் அதனை வழங்குவர். சந்திரசேகர பண்டிதரின் உழைப்பு அதன் உயிர்நாடி. மைரன் வின்ஸ்லோ 1862இல் வெளியிட்ட தமிழ்-ஆங்கிலப் பேரகராதி 67,000க்கும் மேற்பட்ட சொற்களை உடையது. இவை தனிமனிதரின் பெயரால் வழங்கினும், இருமொழியும் பயின்ற ஒரு தலைமுறையின் கூட்டுழைப்பே என்பதை மறத்தலாகாது.

இலங்கை அரசின் செயலாளராயிருந்த எமர்சன் டெனன்ட் 1850இல் எழுதிய நூலில், இச்செமினரி ஐரோப்பியப் பல்கலைக்கழகங்கள் பலவற்றோடு ஒப்பவைத்து எண்ணத்தக்கது எனப் பாராட்டினார். இப்பாராட்டை எடுத்துக்காட்டாத யாழ்ப்பாண வரலாற்று நூலே இல்லை எனலாம். ஆனால், பாராட்டு ஒரு நிலையத்தின் உயரத்தைக் காட்டுமேயன்றி, அது எத்திசை நோக்கி நின்றது என்பதைக் காட்டாது.

4. மறுப்பதற்காகக் கற்றல்

இங்குத்தான் நம் திறனாய்வின் முதற் குறை தோன்றுகின்றது. செமினரியில் தமிழிலக்கியம் இரு கண்களால் பார்க்கப்பட்டது. நீதிநூல்களும் இலக்கணமும் நடைப்பயிற்சிக்கு உதவுவன எனப் போற்றப்பட்டன. சமய இலக்கியமோ பிழைகளின் களஞ்சியமாகக் கருதி ஆராயப்பட்டது. பூவர் தம் மாணவரோடு கந்தபுராணத்தைப் படித்தார். அதன் அண்ட அமைப்பு வானநூலுக்குப் பொருந்தாமையை மாணவர் காணவேண்டும் என்பதே அவர் எண்ணம். 1829ஆம் ஆண்டு மார்ச்சு மாதச் சந்திரகிரகணத்தைப் பற்றி ஊர்ப் பஞ்சாங்கம் கணித்ததில் பிழையுண்டு என முன்கூட்டியே அறிவித்தார். கிரகணம் அவர் கூறியவாறே நிகழ்ந்தது. செமினரி அதனை ஒரு வெற்றியாகக் கொண்டது.

அது எத்தகைய வெற்றி? நாழிகைக் கணக்கு ஒன்று தவறியது உண்மை. ஆனால், கந்தபுராணத்தைக் கோயிலில் இருந்து கேட்டுக் கண்ணீர் வடித்தவர், அதன் புவனக் கணக்கைக் கேட்டா கண்ணீர் வடித்தனர்? பக்தி இலக்கியத்தின் உயிர் எங்கே உள்ளது என்பதை அம்முறை தேடவில்லை. ஆதியாகமத்தின் முதல் அதிகாரத்தை வானநூற் பாடமாக வாசித்து அதில் பிழைகாண்பார்க்கு நாம் என்ன மறுமொழி கூறுவோமோ, அதே மறுமொழியைக் கந்தபுராணத்தின் அன்பரும் நமக்குக் கூறக்கூடும். பிறர் நூலைப் படிக்க ஒரு முறையும் தம் நூலைப் படிக்க மற்றொரு முறையும் கைக்கொள்வது நேர்மையான வாசிப்பன்று. ஐரோப்பாவில் திருமறையின் மீதே வரலாற்று முறைத் திறனாய்வு வளர்ந்துகொண்டிருந்த நூற்றாண்டு அது என்பதையும் நினைவிற் கொள்ளல் வேண்டும். பிறர் மீது ஏவிய அளவுகோல் விரைவில் தம் வாயிலிலும் வந்து நிற்கும் என்பதை அந்நாளைய ஆசிரியர் எதிர்பார்க்கவில்லை.

எனினும், மறுப்பதற்காகக் கற்றவரும் கற்றவரே. பூவருக்குப்பின் 1836 முதல் தலைமை ஏற்ற ஹென்றி ஹொய்சிங்டன் இதற்குச் சான்றாவார். 1848இல் தமிழ்நாட்டு வானநூலைத் தமிழ் மூலத்தோடும் ஆங்கில மொழிபெயர்ப்போடும் வெளியிட்டார். சிவஞானபோதம், சிவப்பிரகாசம், தத்துவக்கட்டளை ஆகிய சைவசித்தாந்த நூல்களை ஆங்கிலத்தில் மொழிபெயர்த்தார். அவை 1854இல் அமெரிக்கக் கீழ்த்திசைக் கழகத்தின் இதழில் வெளிவந்தன. ஜி. யு. போப் திருவாசகத்தை மொழிபெயர்த்து வெளியிட்ட 1900ஆம் ஆண்டுக்கு ஏறத்தாழ அரை நூற்றாண்டு முன்னரே இது நிகழ்ந்தது. புராணக் கதைகளை மறுப்பதில் தொடங்கிய பணி, சித்தாந்தத்தை ஒரு முழுமையான தத்துவமாக எடுத்து விளக்கும் நிலையை இவரிடத்தில் எய்தியது. நூலைப் பொறுமையோடு படிப்பவனை நூலே திருத்துகின்றது என்பதற்கு ஹொய்சிங்டனின் உழைப்பு நல்ல எடுத்துக்காட்டு.

மாணவரிடத்தில் விளைந்த பயன் வேறு வகையானது. சென்னைப் பல்கலைக்கழகத்தின் முதற் பட்டதாரிகளான கரோல் விசுவநாதபிள்ளை, சி. வை. தாமோதரம்பிள்ளை ஆகிய இருவரும் வட்டுக்கோட்டையில் பயின்றவர்களே. இருவரும் பின்னர்ச் சைவராகவே விளங்கினர். தாமோதரம்பிள்ளை 1881இல் வீரசோழியத்தையும், 1885இல் தொல்காப்பியப் பொருளதிகாரத்தையும், 1887இல் கலித்தொகையையும், 1889இல் சூளாமணியையும் ஏட்டிலிருந்து பதிப்பித்துத் தமிழுலகம் என்றும் மறவாத் தொண்டு புரிந்தார். அவர்தம் தமிழறிவு முழுவதும் செமினரி தந்தது எனக் கூறுதல் தவறாகும். சுன்னாகம் முத்துக்குமார கவிராயரிடம் அவர் பாடங்கேட்டவர். மரபுவழிப் புலமையும் கல்லூரி ஒழுங்கும் ஒரே மனிதரிடத்தில் கூடியதன் விளைவே அப்பதிப்புகள் எனக் கொள்ளுதல் பொருந்தும்.

இதனைக் கிறிஸ்தவ வரலாற்றாசிரியர் சிலர் செமினரியின் தோல்வியாகவும், வேறு சிலர் அதன் மறைமுக வெற்றியாகவும் எழுதியுள்ளனர். இரண்டும் முழுமையான விடையாகா. நாம் கேட்கவேண்டிய வினா இதுவே: தமிழிலக்கியத்தை நேசிக்க விரும்பிய ஒருவனுக்குச் சபைக்குள் அதற்குரிய இடத்தை நாம் வைத்திருந்தோமா? கலித்தொகையின் அழகில் உள்ளம் பறிகொடுத்தவன், அவ்வன்பைத் தன் விசுவாசத்தோடு இணைத்துக்கொள்ள வழிகாட்டும் இறையியல் ஒன்று செமினரியில் கற்பிக்கப்பட்டதா? சமய இலக்கியத்தை மறுப்பதற்குரிய பொருளாக மட்டுமே காட்டிய வகுப்பறை, அவ்விலக்கியத்தில் உண்மை கண்டவனுக்கு வெளியே செல்லும் வாயிலைத் தவிர வேறு வாயிலைத் திறந்து வைக்கவில்லை. இதுவே செமினரியின் முதற் குறை.

5. 1855ஆம் ஆண்டின் தீர்ப்பு

இரண்டாம் குறை ஆங்கிலத்தைப் பற்றியது. கோல்புரூக்-கேமரன் ஆணைக்குழுவின் பரிந்துரைகளால் 1833 முதல் இலங்கையில் ஆங்கிலம் கற்றவர்க்கு அரசுப்பணி வாயில்கள் திறந்தன. அதனால் செமினரியின் ஆங்கிலத்துக்குச் சந்தை மதிப்பு உயர்ந்தது. போதகராகவும் ஆசிரியராகவும் வருவர் என எதிர்பார்க்கப்பட்டோருள் பலர் அரசு அலுவலகங்களை நாடினர். பாபிலோன் அரண்மனை மீண்டும் கண்முன் எழுந்தது.

மிஷன் தலைமையகச் செயலாளர் ரூஃபஸ் அண்டர்சன் 1854, 1855ஆம் ஆண்டுகளில் இந்தியாவுக்கும் இலங்கைக்கும் வந்து நிலையங்களைப் பார்வையிட்டார். சபைகள் தம்மைத் தாமே ஆண்டு, தாமே தாங்கி, தாமே பரப்பவேண்டும் என்ற கொள்கையை வகுத்தவருள் அவர் முதன்மையானவர். ஆங்கிலக் கல்வி மாணவனைத் தன் ஊராரிடமிருந்து பிரிக்கின்றது, அவன் கிராமத்துப் போதகனாகத் தக்கவனல்லன், செலவும் மிகுதி, ஆதலால் கல்வி தாய்மொழியிலேயே நடைபெறுதல் வேண்டும் என்பது அவர்தம் முடிவு. செமினரி 1855இல் மூடப்பட்டது. அதனை உருவாக்கிய பூவர் அவ்வாண்டின் பிப்ரவரித் திங்களில் மானிப்பாயில் வாந்திபேதியால் காலமானார்.

அண்டர்சனின் தீர்ப்பை ஆங்கிலமோகங் கொண்டோர் பிற்காலத்தில் கடிந்தனர். தாய்மொழிப் பற்றாளரோ அவரைத் தமிழின் நண்பராகக் கொள்ளக்கூடும். இரு சாராரும் ஒன்றை நோக்கவில்லை. ஆங்கிலத்தை விலக்கியபோது அண்டர்சன் உயர்தமிழையும் சேர்த்தே விலக்கினார். 1859இல் அவ்விடத்தில் தமிழ்வழியில் தொடங்கிய பயிற்சிப்பள்ளி ஆசிரியரையும் ஊழியரையும் உருவாக்கும் சிறு நிலையமே. பழைய செமினரியின் எட்டாண்டுப் பாடநெறியும், அதில் தமிழ் நூல்களுக்கிருந்த இடமும், சமஸ்கிருதமும், வானநூலும் அதற்குரியனவாக இல்லை. கிராமத்துப் போதகனுக்கு எளிய தமிழ் போதும் என்ற எண்ணம் அதன் அடிப்படை. தாய்மொழி என்ற பெயரால் தமிழுக்கு ஒரு தாழ்ந்த ஆசனமே அளிக்கப்பட்டது. தமிழ் எளியவர்க்குரிய மொழி, உயர்சிந்தனைக்கு வேறொரு மொழி வேண்டும் என்ற பிரிவினை அதனால் வலுப்பெற்றது. செமினரியின் ஆங்கிலம் ஊக்கிய அதே பிரிவினையை, ஆங்கிலத்தை நீக்கிய அண்டர்சனும் மறுபுறத்திலிருந்து உறுதிப்படுத்தினார் என்பதே இவ்வரலாற்றின் முரண்.

இதற்கு மாற்றுவழி இருந்ததா எனின், இருந்தது. மானிப்பாயில் 1847 முதல் பணியாற்றிய மருத்துவர் சாமுவேல் கிறீன், 1864 முதல் மருத்துவக் கல்வியைத் தமிழிலேயே நடத்தினார். உடற்கூறு, அறுவை மருத்துவம், வேதியல் ஆகிய துறைகளில் 4,000 பக்கங்களுக்கும் மேற்பட்ட நூல்கள் அவர்தம் மேற்பார்வையில் தமிழில் உருவாயின. அவரிடம் பயின்ற முதல் மாணவருள் செமினரியில் ஆங்கிலம் கற்றவர்கள் இருந்தனர் என்பதும் நோக்கத்தக்கது. தமிழ் வழிக் கல்வி என்பது குறைந்த கல்வி அன்று என்பதைக் கிறீன் செயலால் நிறுவினார். மருத்துவத்துக்கு இயன்றது இறையியலுக்கு இயலாது எனக் கூற எவருக்கும் காரணமில்லை.

சேரம்பூர்க் கல்லூரியையும் ஈண்டு ஒப்புநோக்கலாம். கேரி, மார்ஷ்மன், வார்டு ஆகியோர் 1818இல் தொடங்கிய அக்கல்லூரி, கீழ்த்திசை இலக்கியத்தையும் மேனாட்டு அறிவியலையும் கற்பிப்பதைத் தன் பெயரிலேயே நோக்கமாக அறிவித்தது. சமஸ்கிருதமும் வங்காளமும் அதற்கு அடிப்படை. 1827இல் டென்மார்க்கு மன்னரின் சாசனம் அதற்குக் கிடைத்தது. 1830இல் கல்கத்தாவில் அலெக்சாந்தர் டஃப் ஆங்கிலவழிக் கல்வியைத் தொடங்கியபின், காற்று வேறு திசையில் வீசலாயிற்று. 1835இல் மெக்காலேயின் குறிப்பு அதற்கு அரசின் முத்திரையை இட்டது. நம் இறையியல் மாணவர் பலர் பெறும் பட்டங்கள் அச்சேரம்பூரின் பெயராலேயே வழங்கப்படுகின்றன. அப்பெயரோடு பிறந்த முதல் நோக்கம் அவர்தம் பாடநூல்களில் எத்துணை எஞ்சியுள்ளது என்பது தனியே ஆராயத்தக்கது.

6. வகுப்பறைக்கு வெளியே நின்றோர்

மேற்கூறிய இரண்டு குறைகளோடு மூன்றாவதும் உண்டு. செமினரியின் மாணவருள் பெரும்பாலார் வேளாளர். கல்வியின் உயரத்தைப் போற்றும் நாம், அவ்வுயரத்துக்கு ஏணி யார்க்கு வைக்கப்பட்டது என்பதையும் கூறுதல் கடமை. உயர்தமிழ் நூல்கள் முன்னரே யார் வீட்டுத் திண்ணையில் இருந்தனவோ, அவர் பிள்ளைகளுக்கே கல்லூரியும் எளிதில் கிட்டியது. பெண்களுக்கு 1824இல் உடுவிலில் ஹாரியட் வின்ஸ்லோ தொடங்கிய விடுதிப்பள்ளி பெரும் புரட்சியே எனினும், மொழியிலும் இலக்கியத்திலும் செமினரி சென்ற எல்லை வரை அவர்கள் அழைத்துச் செல்லப்படவில்லை. செமினரியில் பயின்ற கிறிஸ்தவ இளைஞருக்கேற்ற மனைவியரை உருவாக்குவது அப்பள்ளியின் நோக்கங்களுள் ஒன்றாயிருந்தது.

பெயர்களைப் பற்றியும் ஒரு சொல். விடுதிப்பள்ளிகளிலும் செமினரியிலும் பயின்ற பலர்க்கு, அவர்தம் செலவை ஏற்ற அமெரிக்கக் கொடையாளரின் பெயர்களோ, கொடையாளர் விரும்பிய பெயர்களோ இடப்பட்டன. ஆர்னல்ட், கரோல், நெவின்ஸ் என்னும் பெயர்கள் அவ்வாறு வந்தவை. தானியேல் நூலை நாள்தோறும் வாசித்த ஆசிரியர்கள், பெயர்மாற்றம் யாருடைய வழக்கமாக அந்நூலில் காட்டப்படுகின்றது என்பதைச் சிந்தித்திருப்பின் நன்றாயிருந்திருக்கும். ஆயினும் அப்பெயர்களைத் தாங்கியோர் தமிழ்ப் பெயரையும் விடாமல் உடன்வைத்து எழுதினர். சதாசிவம்பிள்ளை ஆர்னல்டாகவும் சதாசிவம்பிள்ளையாகவும் வாழ்ந்தார். பெல்தெஷாத்சார் எனப் பெயரிடப்பட்டவன் இறுதிவரை தானியேலாகவும் விளங்கியதை இது நினைவூட்டுகின்றது.

7. நாம் கொள்ளத்தக்கவை

அண்டர்சனின் முடிவை யாழ்ப்பாண மக்கள் இறுதி முடிவாக ஏற்கவில்லை. செமினரியின் பழைய மாணவர் முன்னின்று முயன்றதன் பயனாக 1872இல் யாழ்ப்பாணக் கல்லூரி வட்டுக்கோட்டையில் எழுந்தது. செமினரியின் வரலாற்றை எழுதிய செல்லையா, அக்கல்லூரியின் ஆசிரியராயிருந்தவர். அவரே 1946இல் பத்துப்பாட்டை ஆங்கிலத்தில் முழுமையாக மொழிபெயர்த்து வெளியிட்டார். 1823ஆம் ஆண்டுத் திட்டம் கனவு கண்ட மாணவன் இத்தகையவனே: ஆங்கிலத்தில் வல்லவன், தமிழின் உயர்நூல்களில் தோய்ந்தவன், கிறிஸ்தவன். அக்கனவு நிறைவேற ஒரு நூற்றாண்டுக்கு மேல் ஆயிற்று.

தமிழகத்துத் திருச்சபையிலும் இதற்கு இணையுண்டு. 1842இல் சாயர்புரம் வந்த போப், அங்குத் தொடங்கிய செமினரியில் தேர்ந்த சில மாணவர்க்குச் செம்மொழிகளைக் கடுமையான ஒழுங்கோடு கற்பித்தார். அந்நிலையத்தில் 1853இல் தமிழாசிரியராகச் சேர்ந்த வைணவர் ஒருவர் 1858இல் திருமுழுக்குப் பெற்றார். அவரே 1894இல் ‘இரட்சணிய யாத்திரிகம்’ தந்த எச். ஏ. கிருஷ்ணபிள்ளை. கம்பனிடத்துக் கொண்ட அன்பைத் துறக்குமாறு எவரும் அவரைக் கேட்டிருப்பின், அக்காவியம் நமக்குக் கிடைத்திராது. வட்டுக்கோட்டை தாமோதரம்பிள்ளைக்குக் காட்டத் தவறிய வாயிலைக் கிருஷ்ணபிள்ளை தாமே கண்டு திறந்துகொண்டார். தாம் கண்ட கிறிஸ்துவைத் தம் தமிழ் மரபைக் கைவிடாமலே பாடமுடியும் என்பதை அவர் காட்டினார்.

இவ்வரலாற்றிலிருந்து மூன்று கருத்துகளைப் போதகரும் இறையியல் மாணவரும் எண்ணிப்பார்க்குமாறு வேண்டுகின்றேன்.

முதலாவது, தமிழிலக்கியத்தைப் பிரசங்கத்துக்கு மேற்கோள் தேடும் பண்டகசாலையாகக் கருதுதல் போதாது. மறுப்புக்காகப் படித்தவர் பூவர் காலத்தவர்; அலங்காரத்துக்காகப் படிப்பவர் நம் காலத்தவர். இருவரும் நூலைத் தம் தேவைக்குப் பயன்படுத்துகின்றனரேயன்றி, நூல் கூறுவதைக் கேட்கவில்லை. யோபுவின் நூலையும் உன்னதப்பாட்டையும் இலக்கியமாக உணர்ந்து வாசிக்கப் பழகியவன், புறநானூற்றின் கையறுநிலைப் பாடலையும் அகநானூற்றையும் அதே செவியோடு கேட்டல் கூடும், கேட்டல் வேண்டும்.

இரண்டாவது, கிரேக்கமும் எபிரேயமும் கற்பவன் தமிழையும் அதே கண்டிப்போடு கற்றல் வேண்டும். மூலமொழிச் சொல் ஒன்றின் பொருள்வரலாற்றைப் பத்துப் பக்கங்களில் எழுதும் மாணவன், அருள், அன்பு, பழி, வீடு, நோன்பு ஆகிய தமிழ்ச் சொற்களின் வரலாற்றை அறியாதிருப்பின், அவனுடைய மொழிபெயர்ப்பு ஒரு காலால் நடப்பதாகும். நம் மக்கள் இறைவனைக் குறித்துக் கேட்பதும் எண்ணுவதும் இச்சொற்களாலேயே. ஆங்கிலக் குறிப்பேட்டில் பிறந்த இறையியல், தமிழ்ப் பிரசங்கமாக மாறும்போது கேட்பவர் முகத்தில் தோன்றும் வெறுமையை ஒவ்வொரு போதகரும் அறிவார்.

மூன்றாவது, எளிய தமிழ், உயர்ந்த தமிழ் என்ற பிரிவினையை நாம் ஏற்றல் ஆகாது. அண்டர்சன் நினைத்ததுபோல் கிராமத்து மக்களுக்குக் குறைந்த கல்வி பெற்ற போதகர் போதும் என்பது அம்மக்களை இகழ்வதாகும். அதே வேளையில், முன்னர் ஒரு சில வீட்டுத் திண்ணைகளில் மட்டும் கிடந்த நூல்களை, அவற்றிலிருந்து விலக்கி வைக்கப்பட்டோரின் பிள்ளைகள் உரிமையோடு கையிலெடுக்கும் இடமாக இறையியல் வகுப்பறை அமைதல் வேண்டும். அவர்கள் அந்நூல்களைப் போற்றவும் கூடும். அவற்றில் தம்மை இகழ்ந்த இடங்களைச் சுட்டிக் கடியவும் கூடும். இரண்டும் உண்மையான கல்வியின் பகுதிகளே.

பெந்தெகொஸ்தே நாளில் கூடியிருந்தோர் தத்தம் மொழியிலேயே நற்செய்தியைக் கேட்டனர் என்று அப்போஸ்தலர் பணிகளில் படிக்கின்றோம். ஆவியானவர் அவர்களுக்கு ஒரு பொதுமொழியைக் கற்பித்து, அதன்பின் பேசவில்லை. அவர்கள் தாயிடம் கற்ற மொழிகளையே பேசினார். ஒரு மொழியைத் தேர்ந்துகொள்பவர் அதன் சந்தை வழக்கை மட்டும் தேர்ந்துகொள்வதில்லை. அதன் பாடலையும் புலம்பலையும் பழமொழியையும் காவியத்தையும் சேர்த்தே ஏற்கின்றார். வட்டுக்கோட்டையில் 1823இல் அச்சேறிய திட்டம் இவ்வுண்மையைப் பாதியளவு கண்டது. மீதிப் பாதியைக் காணும் பொறுப்பு, இன்று தமிழில் இறையியல் கற்போருக்கும் கற்பிப்போருக்கும் உரியதாகும்.